வேலிக்கு அந்தப் பக்கத்துக் காய்கள்

ஊசியம்மாவின் சொந்தப் பெயர் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. அவள் வேலை பார்த்த கிளினிக்கில் வருகைப் பதிவேடு வைத்திருந்த குமாஸ்தாவுக்குத் தெரியும். ஆனால் அவரும் கூப்பிடுவது ஊசியம்மா என்றுதான். முப்பத்திரண்டு வருஷமாக ஊசி போட்டவள். அவள் போட்டால் வலிக்காது என்று ஊரில் பேச்சு. அழுதுகொண்டே வரும் பிள்ளையிடம், "உனக்கு ஊசி இல்ல, உங்கப்பாவுக்குத்தான்" என்பாள். பிள்ளை நம்ப முடியாமல் அப்பாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிற நேரத்தில் வேலை முடிந்திருக்கும்.

ஒரு காலத்தில், டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஊசியம்மாவைப் பார்த்துவிடுவது என்று தெருவே வழக்கமாக வைத்திருந்தது. வேலை முடிந்து அவள் வீடு திரும்பும்போது வாசலில் நாலு பேராவது நிற்பார்கள். செருப்பைக் கழற்றுமுன்பே ஒருத்தரை நாக்கை நீட்டச் சொல்லுவாள், ஒருத்தரின் கண் இமையை இழுத்துப் பார்ப்பாள். "ஒண்ணுமில்ல, போய்ப் படு" என்பாள். அல்லது, "இப்பவே கிளம்பு, நாளைக்கு வரைக்கும் தள்ளாதே" என்பாள். பெரும்பாலும் அவள் சொன்னது சரியாகவே இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

அவள் அம்மா இறந்தபோது ஊசியம்மாவுக்குப் பத்தொன்பது வயது, தங்கைக்கு எட்டு. அப்பா தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவர். பெரியவளைப் பெரிசு என்றும் சின்னவளைச் சின்னது என்றும் கூப்பிடுவார். அதைத் தாண்டிப் பிள்ளை வளர்ப்பில் அவருக்குப் பங்கு கிடையாது. தங்கைக்குத் தலை பின்னிவிட்டது, கணக்குச் சொல்லிக் கொடுத்தது, முதுகில் ரெண்டு வைத்தது, பிறகு மடியில் போட்டுச் சமாதானம் செய்தது எல்லாம் அக்காதான். சின்னவளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவளே. அதற்குள் அவளுடைய கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், கடைசியில் யாரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்றாகிவிட்டது.

மாப்பிள்ளை தூரத்து ஊர்களுக்குப் பஸ் ஓட்டுகிறவர். போனால் நாலு நாள், வந்தால் இரண்டு நாள். அதனால் தங்கை அதே வீட்டில்தான் இருந்தாள். அப்பா காலமாகி, குழந்தையும் பிறந்த பிறகு கூடத்தின் நடுவே ஒரு செங்கல் சுவர் எழுப்பி வீட்டை இரண்டாக்கிக்கொண்டார்கள். சண்டை போட்டுப் பிரித்ததல்ல; ஆளுக்கொரு அடுப்பு இருக்கட்டும் என்று பிரித்தது. பின்னால் தோட்டத்துக்குக் குறுக்கே கம்பி வேலி போட்டதற்குக் காரணம்கூடச் சின்னவள் வளர்த்த கோழிகள்தான். அக்கா போட்ட கீரையை அவை கிளறி நாசம் செய்தன. வேலியின் மூலையில் கம்பி கொஞ்சம் தளர்ந்து ஒரு சந்து இருந்தது. கோழிகள் கண்டுபிடிக்காத அந்தச் சந்தில் சின்னவளின் மகள் குட்டி நுழைந்து வருவாள். காலையில் அந்தப் பக்கம் பால், இந்தப் பக்கம் பலகாரம். எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்டால் அவளுக்கே குழப்பம் வரும்.

குட்டிக்கு ஏழு வயதான கோடையில் காய்ச்சல் வந்தது. ஊசியம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து மாத்திரை கொடுத்தாள். மறுநாள் பிள்ளை இரண்டு தடவை வாந்தி எடுத்தாள், தலை வலிக்கிறது என்றாள். டிரைவர் வெளியூரில் இருந்தார். சாயங்காலம் ஊசியம்மா வேலை முடிந்து வந்து, என்ன தின்றாள் என்று விசாரித்தாள். மதியம் வெள்ளரிக் கொடி நிழலில் உட்கார்ந்து குட்டி ஐந்து வெள்ளரிக்காய் தின்றிருந்தது தெரியவந்தது.

"அஞ்சு வெள்ளரிக்காய இறக்கினா வாந்தி வராம என்ன வரும்?" என்றாள் ஊசியம்மா தங்கையிடம். "வெயில் சூடுதான், இறங்கிடும். ரெண்டு நாளா நீ கண்ணு மூடல. போய்ப் படுத்துத் தூங்கு."

விடியும்போது குட்டிக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்து, மூன்றாம் நாள் போய்விட்டாள். வராந்தாவில் டாக்டரை நிறுத்தி, முதல் நாளே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று ஊசியம்மா கேட்டாள். சொல்ல முடியாது என்றார் அவர். அந்த வார்த்தையை டாக்டர்கள் எப்போது சொல்வார்கள், ஏன் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ பேருக்கு அதை எடுத்துச் சொல்லித் தேற்றியிருக்கிறாள்.

சின்னவள் அக்காவை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு ஒரு நாள் காலையில் ஊசியம்மா தோட்டத்துக்குப் போனபோது, வேலியின் மூலையில் இருந்த சந்தைப் புதுக் கம்பி வைத்துக் கட்டியிருந்தது. இறுக்கி முறுக்கின கம்பி. அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

அதே வாரத்தில் இரண்டு பக்கத்திலும் வெள்ளரிக் கொடிகளை வேரோடு பிடுங்கி எறிந்தார்கள். இவள் பிடுங்கியது அவளைப் பார்த்தல்ல. அவள் பிடுங்கியது இவளைப் பார்த்தும் அல்ல. அதன்பின் அந்த மண்ணில் யாரும் வெள்ளரி போடவில்லை.

பதினொரு வருஷம் இப்படிப் போயிற்று. ஊசியம்மா வாசலில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டாள். யார் எதைக் கேட்டாலும், "டாக்டரப் பாருங்க" என்று ஒரே பதில். சளிக்கும் அதுதான், சேற்றுப்புண்ணுக்கும் அதுதான். ஊசியம்மாவுக்கு மண்டைக்கனம் ஏறிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆனால் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு ஒருத்தரை ஒருத்தர் அறியாமல் இருக்க முடியாது. சின்னவள் வெங்காயத்தைக் கொஞ்சம் தீய விடுவாள்; அந்த வாசனை வந்தால் அவள் சமையலுக்கு உட்கார்ந்துவிட்டாள் என்று அர்த்தம். கொடியில் காக்கிச் சட்டை தொங்கினால் டிரைவர் வந்திருக்கிறார். கோடை வந்தால் இரண்டு பக்கமும் ஒரே காய்கள்: கத்தரி, வெண்டை, தக்காளி, பந்தலில் பீர்க்கு, சுவரோரம் சுரை. சின்னவள் ஆறு மணிக்குப் பறிக்க வருவாள். ஊசியம்மா ஆறரைக்கு வருவாள். முகத்தில் முகம் படாமல் இருக்க இருவரும் பேசாமலே செய்துகொண்ட ஏற்பாடு அது. அக்கா வரும்போது தங்கை அப்போதுதான் தண்ணீர் விட்டுப்போன மண் ஈரமாக இருக்கும். டிரைவர் மட்டும் தெருவில் எதிர்ப்பட்டால், "சாப்பிட்டாச்சா அக்கா?" என்பார். ஆச்சு என்பாள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் துணிச்சல் வராது.

இந்தக் கோடையில் ஒரு திங்கட்கிழமை காலையில், வேலிக்கு அந்தப் பக்கத்தில் வெண்டைக்காய்கள் விரல் நீளத்தைத் தாண்டி நிற்பதை ஊசியம்மா பார்த்தாள்.

வெண்டை ஒரு நாள் பொறுக்கும். இரண்டாம் நாள் நார் ஓடிவிடும். சின்னவள் ஒருநாள்விட்டு ஒருநாள் தவறாமல் பறிக்கிறவள், காய்ச்சலோடும் பறித்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை அவை சாண் நீளத்துக்குப் பக்கமாக வந்துவிட்டன. தக்காளி பழுத்து வெடித்து, கொத்தின பறவைகள் பாதியில் விட்டுப் போயிருந்தன. கத்தரிக்காயின் பளபளப்புப் போய் மஞ்சள் பூத்திருந்தது. மண் வெளுத்துப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஊரில் இல்லை போலிருக்கிறது என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் கொடியில் காக்கிச் சட்டை தொங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் விழும் சத்தமும் கேட்டது.

புதன்கிழமை அவள் கிளினிக்குக்குப் போகவில்லை. முன்வாசல் வழியாகத் தெருவுக்கு இறங்கி, பத்தடி நடந்து, அடுத்த வாசலில் ஏறினாள். அந்தப் பத்தடிக்கு இடையில் ஒரு தடவை திரும்பிவிடலாமா என்று நின்றாள். பிறகு கதவைத் தட்டினாள்.

டிரைவர் கையில் கரண்டியோடு கதவைத் திறந்தார். உள்ளே எதுவோ தீயும் வாடை. அவர் வழிவிட்டு ஒதுங்கினார்.

சின்னவள் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தாள். கன்னம் ஒட்டி, கை குச்சியாகி, வயிறு மட்டும் உப்பியிருந்தது. காலடிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆயிரக்கணக்கான பேருடைய கண்ணை இழுத்துப் பார்த்தவள் ஊசியம்மா. நாலடி தள்ளி இருந்த கண்ணை மட்டும் பதினொரு வருஷமாகப் பார்க்கவில்லை.

சமையலறையில் டிரைவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஈரலில் கட்டி. தெரியவந்து ஒரு மாதம் ஆகிறது. அதற்குள் கைமீறிவிட்டது என்று வலிக்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போன வாரம் வரைக்கும் எப்படியோ சுவரைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்வந்தாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதுவும் இல்லை.

"பசிக்கல, அசதியா இருக்குன்னு மூணு மாசமாச் சொல்லிட்டிருந்தா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு தலையால அடிச்சிக்கிட்டேன். வெயில் சூடு, இறங்கிடும்னா."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று அவருக்கு உறைத்தது. கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊசியம்மா அவரைத் தாண்டிப் போய், தீய்ந்துகொண்டிருந்த பாத்திரத்தின் கீழே அடுப்பை அணைத்தாள்.

திரும்பிக் கட்டிலருகே வந்து நின்றாள். "காய் எல்லாம் முத்திக் கெடக்கு" என்றாள்.

"தெரியும்," என்றாள் சின்னவள்.

"பறிச்சிடவா?"

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். வேண்டாம் என்பதுபோலத்தான் இருந்தது. மூடினபடியே சொன்னாள்: "பறி. விட்டா செடி காய்க்கிறதையே நிறுத்திடும்."

பதினொரு வருஷத்தில் அக்காவிடம் அவள் முழுசாகப் பேசிய முதல் பேச்சு அது.

அன்று மதியம் வரை ஊசியம்மா அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தாள். முற்றின வெண்டையை ஒடிக்க முடியாது. கத்தி வைத்து அறுக்க வேண்டியிருந்தது. சுனை பட்டு முன்கை முழுக்க அரித்தது. பந்தலில் சின்னவளின் கை எட்டாமல் விட்டுப்போன பீர்க்கங்காய்கள் தேங்காய் நாராகக் காய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. மூன்று கூடை பறித்ததில் ஒரு கூடைதான் அடுப்புக்கு ஆனது. மீதியைக் குழியில் கொட்டினாள். தக்காளிச் செடிகளைக் குச்சியோடு சேர்த்துத் துணிக் கிழிசலால் கட்டியிருந்தாள் சின்னவள். நீலக் கட்டம் போட்ட துணி. அதைக் கையில் பிடித்ததும் ஊசியம்மாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. குட்டியின் பள்ளிக்கூடச் சீருடை. பாவாடையின் ஓரத்தை மடித்துத் தைத்தவள் இவள்தான். பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம் என்று நாலு விரல் உள்ளே விட்டுத் தைத்திருந்தாள். அந்த மடிப்பு ஒரு கிழிசலில் பிரிக்காமலே இருந்தது. ஒவ்வொரு கட்டையும் இறுக்கிச் சரிசெய்து, குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.

மறுநாள் காலையில் கிளினிக்குக்குப் போய் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். எத்தனை நாளுக்கு என்று குமாஸ்தா கேட்டார். தெரியாது என்றாள். அவள் விடுப்புக் கேட்டு அவர் பார்த்ததே இல்லை; அதனால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு அந்தப் பக்கத்து அடுப்பு ஊசியம்மாவின் கைக்கு வந்தது. டிரைவருக்குச் சமையல் வராது. அடுப்பையும் அவர் பஸ் மாதிரிதான் ஓட்டினார். ஏற்றினால் டாப் கியர், நிறுத்தினால் சடன் பிரேக். அரிந்து கொடுங்கள், போதும் என்று அவரை உட்கார வைத்தாள். ஸ்டியரிங் பிடித்த கை வெண்டைக்காயை ஒரே அளவில் அரிந்தது. அதைப் பார்த்துச் சின்னவள் கட்டிலிலிருந்து ஒரு நாள் லேசாகச் சிரித்தாள்.

அவளுக்கு ஆகாரம் இறங்குவது பெரும்பாடாக இருந்தது. எண்ணெய் காய்கிற வாடை வந்தாலே குமட்டும். ஊசியம்மா எண்ணெயை நிறுத்தினாள். தாளிப்பை நிறுத்தினாள். பிஞ்சுச் சுரைக்காயைத் தோல் சீவி, தண்ணீரிலேயே குழைய வேகவைத்து மசித்துக் கொடுத்தாள். இரண்டு ஸ்பூன் போயிற்று. பீர்க்கங்காய் சாறு அரை டம்ளர் போயிற்று. கத்தரிக்காயைச் சுட்டுத் தோலுரித்துக் கொடுத்தது ஒரு நாள் இறங்கியது, மறுநாள் திரும்பி வந்துவிட்டது. எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று சின்னவள் சொல்ல மாட்டாள். அக்கா அவள் வாயைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஊட்டும்போதும் அப்படித்தான் பார்த்தாள்.

பேச்சு எல்லாம் காயைப் பற்றித்தான். சின்னவள் படுத்தபடியே கேட்பாள்: கத்தரியில் பூச்சி விழுந்திருக்கிறதா, சாம்பல் தூவினாயா, பீர்க்கு எத்தனை பிஞ்சு விட்டிருக்கிறது. ஊசியம்மா கூடையைக் கொண்டுவந்து கட்டிலில் கவிழ்ப்பாள். தங்கை ஒவ்வொன்றாக எடுத்து நகத்தால் அழுத்திப் பார்ப்பாள். "இத இன்னும் ஒரு நாள் விட்டிருக்கலாம்" என்பாள். அவசரக்குடுக்கை என்று முணுமுணுப்பாள். அதைக் கேட்டால் ஊசியம்மாவுக்கு அன்றைக்குப் பொழுது நன்றாகப் போகும்.

மூன்றாவது வாரத்தில் ஒரு மத்தியானம், அனல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. டிரைவர் மருந்து வாங்கப் போயிருந்தார். சின்னவளின் உதடு வெடித்திருந்தது. ஊசியம்மா ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளரிக்காய் கிடைக்குமா?" என்றாள் சின்னவள்.

ஊசியம்மாவின் கை அப்படியே நின்றது. சரியாகக் கேட்டோமா என்று சந்தேகமாக இருந்தது. தங்கை மறுபடியும் கேட்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசியம்மா எழுந்து பையை எடுத்துக்கொண்டு அந்த வெயிலில் கடைத்தெருவுக்குப் போனாள். மூன்றாவது கடையில் கிடைத்தது. எத்தனை வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். ஒன்று என்றாள். ஒன்றுக்காகவா இந்த வெயிலில் வந்தீர்கள் என்று அவர் கேட்டபோது காசை எண்ணிக் கொடுத்தாள்.

தோல் சீவி, விதையை எடுத்துவிட்டு, காகிதம் மாதிரி மெல்லிசாக நறுக்கிக் கொண்டுவந்தாள். ஒரு துண்டை வாயில் வைத்தாள். சின்னவள் மெல்லவில்லை. நாக்கில் வைத்துக்கொண்டு அதன் குளிர்ச்சி போகும்வரை கிடந்தாள். பிறகு இன்னொன்று கேட்டாள். மூன்றாவது துண்டுக்குப் பிறகு பேசினாள்.

"அன்னிக்கு ராத்திரி அவ என்னை எழுப்பினா."

ஊசியம்மா தட்டைக் கீழே வைத்தாள்.

"அம்மா, தல வலிக்குதும்மான்னா. அப்பவே தூக்கிட்டுப் போயிருக்கணும்னு எனக்குத் தோணுச்சு. ஆனா ரெண்டு நாள் தூக்கம் கண்ண இழுத்துச்சு. அக்கா சொல்லியிருக்காளே, இறங்கிடும்னு சொல்லியிருக்காளேன்னு நெனச்சேன். அதப் பிடிச்சிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிட்டேன். அவ பக்கத்துலயே உக்காந்திருந்தா போல. அப்புறம் எழுப்பவே இல்ல."

வெளியே கதவு காற்றில் அடித்துக்கொண்டது. ஊசியம்மா எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்தாள்.

"உன்மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருந்துச்சு," என்றாள் சின்னவள். "ஆனா உன் மூஞ்சியப் பாத்தா எனக்கு அந்தத் தூக்கம்தான் ஞாபகம் வரும். அதத் தாங்க முடியாமத்தான் கம்பியக் கட்டினேன்."

"நான் தொட்டுப் பாத்தேன்ல," என்றாள் ஊசியம்மா. "கழுத்த மடக்கிப் பாத்திருக்கணும், மூளைக்காய்ச்சல்னா மடங்காது. எல்லாப் பிள்ளைக்கும் பாப்பேன். நம்ம பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு இருந்துட்டேன்."

"நீ தப்பு பண்ணலன்னு என்னால சொல்ல முடியாது அக்கா."

"சொல்லாத. நீ சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்."

அதற்கு மேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. கட்டிப்பிடித்து அழவும் இல்லை. சின்னவளுக்கு அதற்குப் பலம் கிடையாது. ஊசியம்மாவுக்கு எல்லாம் உள்ளேயே உறைந்து கிடந்தது. மீதி இருந்த வெள்ளரித் துண்டுகளை அவள் தின்றாள். இத்தனை வருஷம் யாருக்காக இதைத் தின்னாமல் இருந்தோம் என்று யோசித்தாள்.

அதிலிருந்து சின்னவள் குட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். சாவைப் பற்றி அல்ல. கத்தரிப் பூவைக் காதில் செருகிக்கொண்டு வீட்டுக்குள் வந்தது, கோழிக்கு டாக்டர் மாதிரி ஊசி போட்டது, எந்த அம்மா அடித்தாலும் அடுத்த அம்மாவிடம் புகார் சொல்லச் சந்துக்குள் நுழைந்து ஓடியது. ஒருத்திக்கு மறந்ததை இன்னொருத்தி எடுத்துக் கொடுத்தாள். டிரைவர் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அந்தப் பெயரை அவரும் பதினொரு வருஷமாக அந்த வீட்டில் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒரு வாரம் அப்படி இருந்தது. அதன்பிறகு பேச்சு குறைந்தது. ஸ்பூன் கணக்கு இரண்டிலிருந்து ஒன்றாயிற்று. ஒன்றிலிருந்து உதட்டை நனைக்கிற அளவுக்கு வந்தது. தோட்டமோ நேர்மாறாக அள்ளிக் கொடுத்தது. தண்ணீர் பார்த்த செடிகள் மறுபடியும் பூத்து, காயைத் தாங்க முடியாமல் சாய்ந்தன. தினமும் இரண்டு கூடை. சாப்பிட ஆளில்லை. ஊசியம்மா பறித்துக்கொண்டே இருந்தாள். பறித்ததைக் கொண்டுவந்து காட்டினாள். சின்னவள் கண்ணால் மட்டும் பார்த்தாள். முப்பத்தேழாவது நாள் காலையில், கூடையோடு உள்ளே வந்தபோது டிரைவர் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊசியம்மா நாடியைப் பார்த்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, திறந்திருந்த அந்தக் கண்களை மூடினாள்.

அவள் அழவில்லை. என்ன கல்நெஞ்சோ என்று தெருவில் யாராவது நினைத்திருக்கலாம்.

வந்தவர்கள் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். டிரைவரோடு வேலை பார்க்கிறவர்கள் சீருடையோடு வந்திருந்தார்கள். வெளியூரிலிருந்து அவருடைய அண்ணன் குடும்பம் வந்திருந்தது. எல்லாரும் காலையிலிருந்து பட்டினி. கடையிலிருந்து சாப்பாடு வரவழைத்துவிடலாம் என்றார் அண்ணன். வேண்டாம் என்றாள் ஊசியம்மா. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள்.

இரண்டு பக்கத்திலும் இருந்த எல்லாவற்றையும் பறித்தாள். பிஞ்சு, பழம், காய் என்று பார்க்கவில்லை. தெருவுக்கே காது செவிடாகிற மாதிரி அதட்டிப் பேசுகிற எதிர்வீட்டுத் தையல்காரம்மா, அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அரிந்தாள். உப்புக் காரம் எல்லாம் அவளே பார்த்தாள். கத்தரிக்காயையும் தக்காளியையும் வெங்காயத்தோடு போட்டுப் பெரிய அண்டாவில் வேகவைத்தார்கள். வெண்டைக்காயைப் பிசுபிசுப்புப் போகும்வரை வதக்கினார்கள். சுரைக்காய் இரண்டு சட்டி. அக்காவின் அடுப்பில் ஒன்று, தங்கையின் அடுப்பில் ஒன்று என்று சோறு வெந்தது. பதினொரு வருஷம் ஒரு ஆளுக்குச் சமைத்தவள் ஊசியம்மா. முப்பது பேருக்கு அளவு எப்படித் தெரிந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பரிமாறும்போது ஒரு கண்டக்டர் இரண்டாவது தடவை கேட்கக் கூச்சப்பட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காமலே போட்டாள். துக்க வீட்டில் இவ்வளவு சாப்பிடுகிறோமே என்று அவர் சொன்னார். "அவ போட்ட காய்தான். சாப்பிடுங்க," என்றாள்.

பத்து நாள் கழித்து ஊசியம்மா கிளினிக்குக்குத் திரும்பினாள், டிரைவர் மறுபடியும் வண்டியில் ஏறினார். அண்ணன் தன்னோடு வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார், இவர் போகவில்லை. கிளம்புகிற காலையில் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு ஊசியம்மாவின் வாசலில் வந்து நின்றார். அவள் வாங்கிக்கொண்டுபோய் நிரப்பிக் கொடுத்தாள். அதுவே வழக்கமாயிற்று. நாலு நாள் கழித்து வருவார், காலி கேரியரைத் பளபளவென்று கழுவிக் கொண்டுவந்து கொடுப்பார். நன்றாக இருந்தது என்பார். அவள் தலையாட்டுவாள்.

மூன்றாவது தடவை திரும்பி வந்தபோது, கேரியரைக் கொடுத்துவிட்டு உடனே போகாமல் நின்றார்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல அக்கா. உப்பு கொஞ்சம் பத்தல. மொதல்லேருந்தே பத்தல. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்."

சொல்லிவிட்டு, தப்பாகப் பேசிவிட்டோமோ என்று பயந்தவர்போல வேகமாகப் படியிறங்கிப் போய்விட்டார்.

ஊசியம்மா கேரியரோடு நின்றாள். சின்னவளுக்கு உப்பு ஆகாது, வயிற்றில் நீர் கோக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். முப்பத்தேழு நாள் உப்பில்லாமல் சமைத்த கை. ஆள் போன பிறகும் கை தன் பாட்டுக்கு அவளுக்கே சமைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நாக்கும் அதற்கே பழகியிருந்தது.

குழாயடியில் உட்கார்ந்து கேரியரைத் திரும்பவும் கழுவ ஆரம்பித்தாள். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது. இரண்டாவது அடுக்கைக் கழுவும்போது அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. தண்ணீர் ஓடுகிற சத்தத்தோடு சேர்ந்து சத்தமாகவே அழுதாள். முதலில் தங்கைக்காக, பிறகு குட்டிக்காக, அப்புறம் யாருக்காக என்று பிரித்துப் பார்க்க முடியாமல். தெருவில் போன யாரோ நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அரைமணி நேரம் ஆகியிருக்கும். எட்டரைக்குக் கிளினிக்கில் இருக்க வேண்டும் என்ற நினைவு வந்தது. குழாயை மூடி, முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.